தீவில் தொழில்: தீர்மானிப்பது யார்?



நமது மணவாளக்குறிச்சியின் பெயர் உலக அறிவியல் நூல்களில் ஏறியது எதனால் என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மணலால் என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி கயிறு. 1909ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், நமது கடற்கரைப் பகுதியிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைச் சோதித்துப் பார்த்தார். அதில் மோனசைட் இருந்தது. மோனசைட்டில் தோரியம் இருந்தது. அந்நாளில் காஸ் விளக்கின் மாண்டில் வெளிச்சம் தர தோரியம் வேண்டும். பின்னாளில் நம் கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் அதே மாண்டில்தான். விளைவு, சில ஆண்டுகளுக்குள் நம் ஊரில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப்போர் வந்தது; ஜெர்மானியர் போனார், ஆங்கிலேயக் கம்பெனி வந்தது. 1965 முதல் மத்திய அரசின் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் நடத்தி வருகிறது.

அந்தக் கயிற்றைத் திரித்தது யார்? நம் கடற்கரையில் கதம்பையை ஊறவைத்து, அடித்து, தும்பு எடுத்து, ராட்டில் திரித்த ஏழைப் பெண்கள். கயிற்றோடு போன மணலுக்கு உலகச் சந்தையில் விலை வந்தது. திரித்தவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமலேயே அவள் காலடி மண்ணின் எதிர்காலம் தீர்மானிக்கப்பட்டது.

ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கதையை இப்போது ஏன் சொல்ல வேண்டும்? நமக்கு மேற்கே, இதே அரபிக் கடலில், இதே கதம்பையையும் மீனையும் நம்பி வாழும் ஒரு மக்கள் கூட்டம் இதே கேள்வியோடு நிற்கிறது. லட்சத்தீவு மக்களைத்தான் சொல்கிறோம்.

அவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். 2017 நவம்பர் 30 அன்று ஒகி புயல் நம் மாவட்டத்தைச் சின்னாபின்னமாக்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. கடலில் சிக்கிய நம் மாவட்டத்து மீனவர்கள் பலர் கரை கண்டது அந்தத் தீவுகளில்தான். அடுத்த நாட்களில் அதே புயல் தீவுகளையும் தாக்கியது. அந்த நிலையிலும் நம்மவர்களுக்கு ஒதுங்க இடம் கிடைத்தது அங்கேதான்.

ஒரே நாள், இரண்டு விதி

1956 நவம்பர் 1. திருவிதாங்கூர் கொச்சியிலிருந்து பிரிந்து நம் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள். ஆண்டுதோறும் நாம் நினைவுகூரும் நாள். அதே நாளில்தான் லட்சத்தீவு, சென்னை மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்டு யூனியன் பிரதேசம் ஆக்கப்பட்டது. நமக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் கிடைத்தார்கள். அவர்களுக்கு மத்திய அரசு நியமிக்கும் நிர்வாகி ஒருவர் கிடைத்தார். அவர்களுக்குச் சட்டமன்றம் கிடையாது. நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர். தீவுகளுக்கான ஒழுங்குமுறைகளை அரசியல் சட்டத்தின் 240ஆவது பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் பெயரில் டில்லியே பிறப்பிக்கலாம்.

நம் சட்டமன்ற உறுப்பினரிடம் நமக்கு ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்க முடிகிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அவர் நம் வாசலுக்கு வந்தாக வேண்டும். நியமனம் பெற்று வரும் நிர்வாகிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மக்கள் வாழும் தீவுகள் 10. மொத்த நிலப்பரப்பே 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர். நூற்றுக்கு 96 பேருக்கு மேல் முஸ்லிம்கள். மண்ணின் மைந்தர்கள் ஏறத்தாழ அனைவரும் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவு. அரிசி, துணி, சிமெண்டு எல்லாம் கப்பலில் வர வேண்டும். மழைக்காலத்தில் சிறு சரக்குக் கலங்கள் ஓடாது. குடிநீரோ மணலுக்கடியில் மெல்லிய படலமாகக் கிடக்கும் மழைநீர். இப்படிப்பட்ட இடத்தில் கோயம்புத்தூரிலும் சிவகாசியிலும் வளர்வதைப்போலத் தொழில் வளர முடியாது. அங்குள்ள தொழில் மூன்றுதான்: மீன், தென்னை, இப்போது சுற்றுலா. மூன்றும் நிற்பது ஒரே மணல் திட்டில், ஒரே காயலில்.

பழைய ஏகபோகம் சொல்லும் பாடம்

இந்தத் தீவுகளின் வரலாற்றைப் புரட்டினால் கயிறுதான் முதலில் வருகிறது. கண்ணூரின் அரக்கல் அலி ராஜாக்கள் தீவுகளை ஆண்டபோது, 18ஆம் நூற்றாண்டில் கயிறு வணிகத்தை அரண்மனையின் ஏகபோகமாக்கினார்கள். தீவுக்காரர் திரிக்கும் கயிற்றை வேறு யாருக்கும் விற்கக் கூடாது. அரண்மனை வைத்த விலைதான் விலை. பதிலுக்கு அரண்மனை கொடுக்கும் அரிசிதான் கூலி. பொறுக்க முடியாத அமினித் தீவு மக்கள் திப்பு சுல்தானிடம் முறையிட்டார்கள். 1787இல் அமினித் தீவுக் கூட்டம் திப்புவின் ஆட்சிக்குள் வந்தது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. கம்பெனி ஆட்சியிலும் கயிறு கொடுத்து அரிசி வாங்கும் முறை தொடர்ந்தது.

அரக்கல் குடும்பம் முஸ்லிம் குடும்பம்தான். ஆண்டவர் நம்மவர் என்பதால் ராட்டுச் சுற்றியவருக்கு அரிசி ஒரு படி கூடக் கிடைக்கவில்லை. அநீதிக்கு மதம் கிடையாது. விலையைச் சொல்லும் உரிமை உழைத்தவனிடம் இல்லையென்றால், சிம்மாசனத்தில் யார் அமர்ந்திருந்தாலும் அவன் நிலை ஒன்றுதான். 1960களில் தீவுகள்தோறும் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகுதான், சரக்கை ஒன்றுசேர்த்துக் கரைக்கு அனுப்பவும் வீட்டுக்கு வேண்டியதை நியாய விலைக்கு வாங்கவும் சாமானியத் தீவுவாசிக்கு ஒரு வழி பிறந்தது. 1994ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ஒழுங்குமுறையின்கீழ் ஊர்ப் பஞ்சாயத்துகளும் ஒரு மாவட்டப் பஞ்சாயத்தும் வந்தன. சட்டமன்றம் இல்லாத மக்களுக்கு, தாங்களே தேர்ந்தெடுத்த மன்றம் என்று உள்ளூரில் இருப்பது அது ஒன்றுதான்.

சத்தமில்லாமல் போன அதிகாரம்

2021இல் லட்சத்தீவு திடீரென்று பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. முந்தைய டிசம்பரில் பொறுப்பேற்ற நிர்வாகி பிரஃபுல் கோடா படேல் அடுத்தடுத்து வரைவுச் சட்டங்களைக் கொண்டுவந்தார். மாட்டிறைச்சித் தடை, மதுவுக்கு அனுமதி, இரண்டுக்கு மேல் குழந்தை பெற்றவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கத் தடை, இவற்றைப் பற்றி நாடெங்கும் மேடைகளில் பேசினார்கள். மே 31 அன்று கேரளச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஜூன் 7 அன்று தீவு மக்கள் தத்தம் வீடுகளிலேயே 12 மணி நேரம் உண்ணாநோன்பு இருந்தார்கள்.

மாட்டிறைச்சியைப் பற்றிப் பேசிய அளவுக்கு மீனைப் பற்றி மேடைகளில் பேசவில்லை. அந்த ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி ஓர் உத்தரவு வந்தது. கல்வி, சுகாதாரம், வேளாண்மை, மீன்வளம், கால்நடை ஆகிய ஐந்து துறைகளில் மாவட்டப் பஞ்சாயத்துக்கு இருந்த அதிகாரம் நிர்வாகத்தின் கைக்குப் போனது. மீன்பிடித்து வாழும் தீவில் மீன்வளத் துறை மக்கள் மன்றத்தின் கையைவிட்டுப் போனது என்றால் என்ன பொருள்? அரசியல் சட்டத்தின் 11ஆவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 29 இனங்கள் அதில் உள்ளன. மீன்வளம் அதில் ஒன்று. உணவு பதப்படுத்துதல் உள்ளிட்ட சிறுதொழில் இன்னொன்று. குடிசைத் தொழில் மற்றொன்று. தீவின் பிழைப்பு முழுவதும் அந்த மூன்று வரிகளில் அடங்கிவிடும்.

அதே ஏப்ரல் 28 அன்று வெளியான வளர்ச்சி ஆணைய வரைவு எந்த நிலத்தையும் 'திட்டப் பகுதி' என்று அறிவிக்கும் அதிகாரத்தை நிர்வாகத்துக்குக் கொடுத்தது. கொரோனா ஊரடங்கில் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத மக்களுக்குக் கருத்துச் சொல்ல மூன்று வாரமே தரப்பட்டது. அந்த மாதத்திலேயே கரையோரத்தில் மீனவர்கள் வலையும் சாமானும் வைத்திருந்த கொட்டகைகள் இடிக்கப்பட்டன. வலை வைக்க இடமில்லாதவனுக்கு வளர்ச்சி ஆணையம் என்ன வளர்ச்சியைக் கொண்டுவரும்?

2023 தொடக்கத்தோடு பஞ்சாயத்துகளின் பதவிக்காலமும் முடிந்தது. அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடத்தப்படவில்லை.

மாசியின் வழியே பாருங்கள்

'அரசும் மக்களும் சேர்ந்து நிர்வகிப்பது' என்று எல்லாத் திட்ட ஆவணங்களும் எழுதுகின்றன. அது என்ன என்பதை மினிக்காய்த் தீவின் மாசியை வைத்துப் பார்ப்போம்.

மாசி நம் வீட்டு அடுப்படிக்குத் தெரிந்த பொருள். கொழும்புக்குப் போய் வந்த நம்மவர்களுக்கு மாசிச் சம்பலின் ருசி நாக்கிலேயே இருக்கும். அதற்குரிய சூரையை மினிக்காய்க்காரர்கள் வலை போட்டுப் பிடிப்பதில்லை. காயலில் உயிரோடு பிடித்த சிறு இரைமீனைக் கடலில் தூவி, திரண்டு வரும் சூரையைக் கம்பும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாய்த் தூக்குகிறார்கள். பிறகு அறுத்து, அவித்து, புகை போட்டு, வெயிலில் பல நாள் உலர்த்துகிறார்கள். வீட்டுப் பெண்களின் கைவேலை இதில் அதிகம். 1969இல் அங்கே அரசு டின் மீன் ஆலையும் வந்தது.

இப்போது கணக்குப் போடுங்கள். இரைமீன் வேண்டுமென்றால் காயலும் பவளப் பாறையும் கெடாமல் இருக்க வேண்டும். அது சுற்றுச்சூழல் துறை. படகுக்கு எண்ணெயும் ஐஸும் வேண்டும்; அது மீன்வளத் துறை. உலர்த்தக் கரையில் இடம் வேண்டும். அது வருவாய்த் துறை. கரைக்கு அனுப்பக் கப்பலில் இடம் வேண்டும். அது துறைமுகத் துறை. முதல் வேண்டும், அது வங்கி. நல்ல விலை வேண்டும். அது கூட்டுறவுச் சங்கம். இத்தனை பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசாவிட்டால் ஒருவர் கட்டுவதை இன்னொருவர் இடிப்பார். அதுதான் நடக்கிறது. மினிக்காய், கடமத், சுஹெலி ஆகிய தீவுகளில் காயலின் மேலேயே தங்கும் விடுதிகள் கட்டும் திட்டம் போடப்பட்டது. சுற்றுலாத் துறையின் கண்ணுக்கு அது அழகிய நீலத் தண்ணீர். மீனவனின் கண்ணுக்கு அது இரைமீன் வளரும் தொட்டில். இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் சந்தித்துப் பேச ஒரு மன்றம் வேண்டாமா?

டில்லியில் மன்றம் இருக்கிறது. 2017இல் உள்துறை அமைச்சர் தலைமையில் தீவு வளர்ச்சி முகமை அமைக்கப்பட்டது. முதற்கட்டமாக 10 தீவுகள் தேர்வாயின. அவற்றில் மினிக்காய், பங்காரம், சுஹெலி, செரியம், தின்னகரை ஆகிய ஐந்தும் லட்சத்தீவைச் சேர்ந்தவை. முகமையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் துறைச் செயலாளர்கள். செயலாளர்கள் சேர்ந்து பேசுவதும் நல்லதுதான். ஆனால் தூண்டில் பிடிப்பவனுக்கு அதில் நாற்காலி இல்லை.

மினிக்காய்க்காரர்களுக்குக் கூடிப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தீவில் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஊர்த் தலைவர் உண்டு. பெண்களுக்கென்று தனியாக ஒரு தலைவியும் உண்டு. ஊர் வீடு என்ற பொது இடத்தில் கூடி, பொது வேலைகளைப் பகிர்ந்து செய்வது அவர்களின் தலைமுறை வழக்கம். நாம் மஹல்லாவில் மஷூரா செய்கிறோமே, அதுபோல. இப்படிப்பட்ட மக்களுக்கு நிர்வாகம் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இருக்கும் மன்றத்தின் பேச்சுக்குச் சட்ட மதிப்புக் கொடுத்தால் போதும்.

அண்டையிலுள்ள மாலத்தீவைப் பாருங்கள். மினிக்காயின் மொழியும் அவர்களின் மொழியும் ஒன்றே. மீன்பிடி முறையும் ஒன்றே. கம்பும் தூண்டிலும் கொண்டு பிடித்த அவர்களின் சூரை மீன்வளம் 2012இல் எம்.எஸ்.சி. என்ற உலகச் சான்று பெற்றது. கடலைக் கெடுக்காமல் பிடித்த மீன் என்று சொல்லி ஐரோப்பியச் சந்தையில் விற்க அந்த முத்திரை உதவுகிறது. 2010இல் சட்டம் போட்டு, மறு ஆண்டு தேர்தலும் நடத்தி, தீவுதோறும் மன்றங்கள் அமைத்தார்கள். அங்கே எல்லாம் செவ்வனே நடக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. அதே மீனையும் அதே கம்பையும் வைத்துச் செய்ய முடிந்தது எது என்பதற்காகச் சொல்கிறோம்.

சங்கத்துக்கும் கணக்கு உண்டு

அதிகாரத்தை உள்ளூராரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. தீவுகளின் கூட்டுறவு விற்பனைக் கூட்டமைப்பு மூலம் இலங்கைக்கு அனுப்பிய சூரையில் மீனவர்களுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை என்ற குற்றச்சாட்டில் 2022இல் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் 'நம்ம சங்கம், நம்ம ஆள்' என்று கண்ணை மூடிக்கொண்டால் அரக்கல் அரண்மனையின் வேலையைச் சங்கமே செய்துவிடும். அதிகாரம் ஊருக்கு வர வேண்டும். அதோடு கணக்கும் ஊர் நடுவே வர வேண்டும்.

இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்திலேயே முட்டம் இருக்கிறது. தரகரிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுத்துக்கொண்டிருந்த நம் மாவட்டத்துக் கத்தோலிக்க மீனவச் சகோதரர்கள், ஊருக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். ஏலத்தைச் சங்கமே நடத்தியது. விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு, ஒரு சிறு பங்கு சங்கச் செலவுக்கு, மீதி அன்றன்றே மீனவன் கையில். ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து மாவட்டக் கூட்டமைப்பு. அவை சேர்ந்து 1980இல் பதிவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. முட்டத்தில் பிளைவுட் படகு கட்டும் பட்டறையும் நடந்தது. யார் வீட்டு வாசலிலும் மனுவோடு நிற்காமல் அவர்கள் கட்டிய ஏற்பாடு இது. நல்லதை எங்கே கண்டாலும் எடுத்துக்கொள்வதில் நமக்குக் கூச்சம் எதற்கு?

நாம் கேட்பது என்ன?

தீவுகளுக்குத் தொழில் வேண்டாம், சுற்றுலா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. படித்த தீவு இளைஞன் வேலை தேடிக் கப்பலேறிக்கொண்டே இருக்க வேண்டுமா? தொழில் வர வேண்டும். அது வரும் வழி நேராக இருக்க வேண்டும். ஆகவே:

1. பஞ்சாயத்துத் தேர்தல்கள் ஒரு நாளும் தள்ளிப்போகாமல் உரிய காலத்தில் நடத்தப்பட வேண்டும். மீன்வளம், வேளாண்மை, சிறுதொழில் மீதான பஞ்சாயத்து அதிகாரம் ஓர் உத்தரவால் பறிக்க முடியாதபடி சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

2. ஒவ்வொரு தீவிலும் ஒரு தொழில் மன்றம் வேண்டும். பஞ்சாயத்து, கூட்டுறவுச் சங்கம், மீனவர், கயிறு திரிக்கும் பெண்கள், வங்கி, கப்பல் துறை, நிர்வாகம் எல்லோருக்கும் அதில் இடம் வேண்டும். பேசப்போகும் பொருள் முன்கூட்டியே மலையாளத்திலும், மினிக்காயில் மஹல் மொழியிலும் மக்கள் கையில் கிடைக்க வேண்டும். எடுத்த முடிவும், ஏற்காத கருத்துக்குச் சொன்ன காரணமும் எழுத்தில் வெளிவர வேண்டும்.

3. காயலிலும் கரையிலும் எந்தக் கட்டுமானம் வந்தாலும் அங்கே தொழில் செய்வோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் முதலில் வேண்டும்.

4. சங்கங்களின் வரவு செலவு ஒவ்வொரு மீன்பிடிப் பருவ முடிவிலும் ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட வேண்டும்.

5. மாசி, தும்பு, கயிறு, தேங்காய் ஆகிய சிறு உற்பத்தியாளர் சரக்குக்குக் கப்பலில் இடம் ஒதுக்கப்பட வேண்டும். சரக்கு துறைமுகத்தில் கிடந்து கெட்டுப்போனால் மானியம் கொடுத்து என்ன பயன்?

வாசகர்களே! இதைப் படித்துவிட்டு 'பாவம் தீவுக்காரர்கள்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் காலடியைப் பாருங்கள். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, 2024 அக்டோபர் 1 அன்று நடப்பதாக இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் மக்களின் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது. கடற்கரை ஊர்கள் மதம் பாராமல் எதிர்த்து நின்றன. அது நல்லதே. ஆனால் எதிர்ப்பு என்பது முதல் படி மட்டுமே. மணல் எடுப்பதா வேண்டாமா, எடுத்தால் கதிர்வீச்சை யார் அளப்பது, நோயாளிக்கு யார் பொறுப்பு, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்ன வேலை, நம் கயிறு, மீன் தொழில்களுக்கு என்ன கதி என்று மேசைக்கு எதிரே உட்கார்ந்து, காகிதத்தைப் புரட்டி, கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் நமக்கு வேண்டும். நமக்குச் சட்டமன்றம் இருக்கிறது, பேரூராட்சி இருக்கிறது, வாக்கு இருக்கிறது. இத்தனையும் இருந்தும் வாய் திறக்காதவர்கள், இவை இல்லாத தீவு மக்களுக்காக எப்படிக் குரல் கொடுக்க முடியும்?

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் படித்த இளைஞர்களில் இருவரையாவது இந்த வேலைக்கென்று ஒதுக்கட்டும். பேரூராட்சிக் கூட்டத் தீர்மானங்களையும் தொழில் மையத்தின் திட்டங்களையும் அவர்கள் தேடிப் படித்து வந்து ஊருக்குச் சொல்லட்டும். கயிறு சங்கத்திலும் மீனவர் சங்கத்திலும் நம் பெண்களும் இளைஞர்களும் உறுப்பினராகட்டும். மாசி வணிகம் செய்யும் நம் வியாபாரிகள் தீவுச் சங்கங்களோடு நேரடியாகப் பேசி நியாய விலைக்கு வாங்கட்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு, லட்சத்தீவின் ஒற்றை உறுப்பினரோடு சேர்ந்து குரல் கொடுக்கும்படி ஊர் ஊராகக் கடிதம் எழுதுவோம்.

1909இல் கயிறு திரித்த பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. இன்று கேட்காமல் விட்டால் அவள் பேத்தி சும்மா இருக்க மாட்டாள் என்ற நிலையை நம் கரையிலும் தீவுகளிலும் உண்டாக்குவதே நம் முன்னே உள்ள வேலை. அதை இந்த மாதமே நம் ஊர்க் கூட்டங்களில் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.